பத்து வயதுக்கு எதற்குத் தேர்வு?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் கடைசிப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்; வேலை அங்கேதான் இருக்கிறது.

நேராகவே சொல்கிறேன். "ஏழை எளிய பிள்ளைகளும் ஆடட்டும்" என்று குறைந்த கட்டணத்தில் ஒரு விளையாட்டுக் குழு தொடங்கிவிட்டு, வாசலிலேயே தேர்வு வைத்து வடிகட்டுவது அநியாயம். அதுவும் பத்து வயதுக் குழந்தைகளுக்கு.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் இருக்கும் என் பழைய மாணவி சென்ற வாரம் எழுதியிருந்தாள். அவள் மகளுக்கு லக்ராஸ் ஆசை. நீண்ட கோலின் முனையில் சிறு வலைப்பை. அதில் ரப்பர் பந்தை ஏந்தி ஓடி, வீசி, பிடித்து, வலைக்குள் எறிய வேண்டும். நம் ஊரில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். மேரிலாந்தில் 2004 முதல் அதுதான் மாநிலத்தின் அதிகாரபூர்வ குழு விளையாட்டு. பெரிய குழுக்களில் சேர ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் வேண்டும். கட்டணம் குறைந்த குழு ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டுப் போயிருக்கிறார்கள். நான்கு மாதம் கார் கொட்டகைச் சுவரில் பந்தெறிந்து பழகிய பிள்ளை. முதுகில் எண் ஒட்டி, இரண்டு மாலை ஓடவிட்டு, மூன்றாம் நாள் "இம்முறை இடமில்லை" என்று மின்னஞ்சல். தேர்வுக்குக் கட்டிய பணமும் திரும்பவில்லை. "ஐயா, இவளுக்குத் தனிப் பயிற்சி வைக்கட்டுமா, இல்லை விளையாட்டே வேண்டாம் என்று விட்டுவிடட்டுமா?" என்று கேட்கிறாள்.

இரண்டும் வேண்டாம் அம்மா. கேள்வி கேட்க வேண்டியது அந்தக் குழுவை.

அந்த இரண்டு மாலைகளில் எதை அளந்தார்கள்? திறமையை என்பார்கள். நான் நம்பவில்லை. ஏற்கெனவே கோல் பிடித்துப் பழகிய பிள்ளை ஜெயிக்கும். யார் பழகியிருப்பார்கள்? பணம் கட்டிக் கோடை முகாமுக்குப் போனவர்கள். கட்டணத்தைக் குறைத்து ஒரு கதவைத் திறந்தார்கள். தேர்வு வைத்து அதே கதவை வசதி உள்ளவனுக்கு மட்டும் திறந்து வைத்தார்கள். இன்னொன்று, வயது. ஒரே பிரிவில் பதினோரு மாதம் மூத்த பிள்ளையும் இருக்கும். பத்து வயதில் பதினோரு மாதம் என்பது பெரிய வித்தியாசம். கனடாவில் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை 1980களிலேயே ஆராய்ந்தார்கள். ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் தேர்வாகியிருந்தார்கள். வயது வரம்பு ஜனவரி முதல் தேதியில் தொடங்கியதுதான் காரணம். மூத்தவனைக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இந்த விளையாட்டின் பூர்வீகம் தெரிந்தால் இன்னும் கோபம் வரும். வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் ஆட்டம் இது. ஹௌடனோசௌனி மக்கள் இதைப் படைத்தவனின் விளையாட்டு என்பார்கள். நோய் தீரவும் மனம் தேறவும் ஊரே கூடி ஆடியது. 1867இல் மாண்ட்ரியல் நகரத்து ஜார்ஜ் பீர்ஸ் என்ற பல் மருத்துவர் விதிகள் எழுதினார். 1880இல் கனடாவின் சங்கம் 'தொழில்முறை ஆட்டக்காரர் கூடாது' என்று சட்டம் போட்டு, ஊர் ஊராகப் போகச் செலவுக்குக் காசு வாங்கி ஆடிய பழங்குடியினரைப் போட்டிகளிலிருந்து தள்ளிவைத்தது. கண்டுபிடித்தவனையே வெளியே நிறுத்திய கதை! 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் லக்ராஸ் மீண்டும் வருகிறது. இந்த நேரத்திலாவது ஊர்கூடி ஆடிய ஆட்டம் என்பதை நினைக்க வேண்டாமா?

"வாழ்க்கையே போட்டிதானே ஐயா, இப்போதே பழகட்டும்" என்று சிலர் எழுதுவீர்கள். தோல்வியைப் பழக்க வேண்டும்தான். ஆடித் தோற்பது பாடம். ஆடவே விடாமல் வீட்டுக்கு அனுப்பினால் அதில் என்ன பாடம் இருக்கிறது? நார்வே நாட்டைப் பாருங்கள். 1987 முதல் அங்கே குழந்தைகள் விளையாட்டுக்கென்று தனி விதிகள். பதினோரு வயதை எட்டும் ஆண்டு வரை தரவரிசைப் பட்டியலே போடக் கூடாது. பிள்ளைகள் சோம்பேறிகள் ஆகிவிட்டார்களா? சுமார் 55 லட்சம் மக்கள் உள்ள நாடு, 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வாங்கி முதலிடம் பிடித்தது.

"கல்லூரியில் விளையாட்டு உதவித்தொகை கிடைக்குமே" என்பது உறவினர்களின் கணக்கு. அமெரிக்காவின் முதல்நிலைக் கல்லூரிகளில் ஒரு பெண்கள் அணிக்குப் பன்னிரண்டு பேரின் முழுச் செலவுக்கு ஈடான தொகைதான் நீண்ட காலம் உச்ச வரம்பாக இருந்தது. அணியில் முப்பது பேருக்கு மேல் பங்கு போட வேண்டியிருந்தது. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடமே பயிற்சியாளர்கள் பேரம் பேசியது எல்லை மீறிப் போய், பதினோராம் வகுப்பு தொடங்கும் வரை யாரும் தொடர்புகொள்ளக் கூடாது என்று 2017இல் தடை போட்டார்கள். அவர்களே பொறுத்திருக்கும்போது நமக்குப் பத்து வயதில் என்ன அவசரம்?

நியாயமான எதிர்வாதம் ஒன்று உண்டு. மைதானம் ஒன்று, பயிற்சியாளர் இருவர், வந்தவர்கள் நூறு பேர் என்றால் என்ன செய்வது? இதற்கு நம் நாட்டிலேயே விடை இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பள்ளிச் சேர்க்கைக்குப் பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டித் தேர்வு செய்யக் கூடாது என்கிறது. தனியார் பள்ளிகளின் 25 விழுக்காடு இடங்களுக்கு விண்ணப்பம் கூடினால் தமிழ்நாட்டில் பெற்றோர் முன்னிலையில் குலுக்கல். குலுக்கலில் பெயர் வராத பிள்ளை வருந்தும். ஆனால் "நான் லாயக்கில்லை" என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பாது. வகுப்பறையில் இத்தனை ஆண்டு நின்றவன் சொல்கிறேன், அந்த நினைப்பு ஒருமுறை உள்ளே புகுந்தால் அதை வெளியே எடுக்க நமக்குப் பல ஆண்டுகள் ஆகும்.

பதினான்கு வயதுக்குப் பிறகு போட்டி அணிக்குத் தேர்வு வையுங்கள், மறுப்பில்லை. அதுவரை வந்தவர் எல்லாரும் ஆடட்டும்.

இனி வேலை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, உங்களூர் குழுவுக்கு மூன்று வேண்டுகோள் எழுதுங்கள். தேர்வுக்குப் பதில் குலுக்கல். இடம் கிடைக்காதவர்களுக்குக் காத்திருப்போர் பட்டியல், வாரம் ஒரு நாளாவது பொதுப் பயிற்சி. தேர்வு வைத்தே தீருவோம் என்றால் அதற்குக் கட்டணம் கூடாது. கேட்பதோடு நிறுத்தாதீர்கள், பயிற்சியாளர் போதவில்லை என்றால் நீங்களே கற்றுக்கொண்டு சனிக்கிழமை காலையில் மைதானத்தில் நில்லுங்கள். அம்மா, உன் மகளிடம் சுவரில் பந்தெறிவதை நிறுத்த வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள். திட்டுவதானாலும் தமிழில், பிழையில்லாமல் திட்டுங்கள். சிவப்பு மையில் திருத்தும் பழக்கம் இன்னும் போகவில்லை.