வயதைக் கேட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள்

“எழுபத்து நாலு வயசாச்சு. இனிமே எதுக்கு அவரைப் போட்டு அறுக்கணும்? இருக்கிற வரைக்கும் நிம்மதியா இருக்கட்டும்.”

நம் வயதுக்காரர் ஒருவருக்குக் கல்லீரலில் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்தால், அந்த வீட்டில் முதல் நாளே யாராவது இப்படிச் சொல்லிவிடுகிறார்கள். சொல்பவர் கெட்டவர் இல்லை, பாசத்தில்தான் சொல்கிறார். மற்றவர்களும் தலையாட்டுகிறார்கள். சம்பந்தப்பட்டவரைத் தவிர எல்லாரும் கூடி முடிவெடுத்தாகிவிடும். அந்தப் பாசத்தோடுதான் இன்று எனக்குச் சண்டை.

நான் டாக்டர் இல்லை. ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் 34 வருடம் குப்பை கொட்டியவன். எந்தப் படிவத்தை எடுத்தாலும் எங்கள் கண் முதலில் போவது பிறந்த தேதிக்குத்தான். ஆகவே வயதுக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஓர் எண்ணை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பது ஓரளவு தெரியும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 70 என்று பத்திரிகையில் படிக்கிறோம். உடனே 74 வயதுக்காரர் போனஸில் ஓடிக்கொண்டிருக்கிறார் என்று முடிவு கட்டுகிறோம். அந்த 70 பிறக்கும் குழந்தைக்கான சராசரி. தொட்டிலில் போனவர்களும் நடுவயதில் போனவர்களும் அதில் சேர்த்தி. அவர்களையெல்லாம் தாண்டி 70ஐத் தொட்டுவிட்டவருக்குச் சராசரியாக இன்னும் பத்து ஆண்டுக்கு மேல் மீதி இருக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பேத்தி பத்தாம் வகுப்பு முடிக்கும் காலம் அது. அதைத்தான் “இனிமே எதுக்கு” என்ற ஒற்றை வார்த்தையில் தள்ளுபடி செய்கிறோம்.

“ஆனா சார், கல்லீரல் புற்றுநோயில் வயசானவங்க கம்மியாத்தானே பிழைக்கிறாங்க, புள்ளிவிவரமே சொல்லுதே” என்பார்கள். சொல்கிறது, மறுக்கவில்லை. அந்த எண்ணிக்கைக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். புற்றுநோய்க்கு நல்ல சிகிச்சை பெற்று, இரண்டு வருடம் கழித்து மாரடைப்பில் போன 76 வயதுக்காரரும் சாதாரணக் கணக்கில் இறந்தவர்தான். “இந்த வயசில் வேண்டாம்” என்று சிகிச்சையே கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவரும் அதே கணக்கில்தான் வருகிறார். குணப்படுத்தக்கூடிய சிகிச்சை முதியவர்களுக்குக் குறைவாகவே கொடுக்கப்படுகிறது என்பது பல நாடுகளில் கண்டறிந்த விஷயம். சாப்பாடு போடாமல் விட்டுவிட்டு “பையன் இளைச்சுட்டான், உடம்பு வாகு அப்படி” என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சரி, மருத்துவர்கள் எதை வைத்து முடிவு செய்ய வேண்டும்? அதற்கு எழுதி வைத்த முறைகள் இருக்கின்றன. ஒன்று ‘சைல்ட்-பியூ’ மதிப்பெண். பிலிருபின், அல்புமின், ரத்தம் உறையும் நேரம், வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா, மூளைக் குழப்பம் இருக்கிறதா என்று ஐந்தைப் பார்த்து, கல்லீரல் இன்னும் எவ்வளவு வேலை செய்கிறது என்று ஏ, பி, சி எனப் பிரிக்கும். இன்னொன்று 1999இல் பார்சிலோனாவில் உருவான பி.சி.எல்.சி. என்ற நிலைப்பட்டியல். கட்டி எத்தனை, எவ்வளவு பெரிது, ரத்தக்குழாய்க்குள் புகுந்துவிட்டதா, கல்லீரல் எப்படி இருக்கிறது, ஆள் தன் வேலையைத் தானே செய்துகொண்டு நடமாடுகிறாரா என்றுதான் அது கேட்கிறது. இரண்டிலும் வயது என்று ஒரு கட்டமே கிடையாது. கல்லீரல் டாக்டர்கள் வகுத்த பட்டியலிலேயே இல்லாத கட்டத்தை நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நாமாகச் சேர்க்கிறோம்.

அந்தப் பட்டியலின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் ஒவ்வொரு நிலைக்கும் எதிர்பார்க்கும் ஆயுளைச் சொல்கிறது. ஆரம்ப நிலையில் கண்டுபிடித்து உரிய சிகிச்சை கொடுத்தால் 5 ஆண்டுக்கு மேல். கடைசி நிலையில் ஏறக்குறைய 3 மாதம். நோய் அதேதான். 3 மாதத்துக்கும் 5 ஆண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைத் தீர்மானிப்பது எந்த நிலையில் கண்டுபிடித்தார்கள் என்பது.

“அறுக்கணுமா” என்ற பயத்துக்கும் ஒரு பதில் உண்டு. எல்லாருக்கும் கத்தி வைப்பதில்லை. கட்டி சிறிதாக, மூன்று சென்டிமீட்டருக்குள் இருந்தால், வெளியிலிருந்து ஊசி செலுத்திச் சூடேற்றியே பொசுக்கிவிடும் முறை இருக்கிறது. ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் விட்டுக் கட்டிக்கு மட்டும் மருந்தைச் செலுத்தி, அதற்குப் போகும் ரத்தத்தை அடைக்கும் முறையும் உண்டு. முற்றிய நிலைக்கு மாத்திரைகளும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஊசி மருந்துகளும் வந்திருக்கின்றன. ஜப்பானில் இந்த நோய்க்காரர்களில் எழுபது வயதுக்காரர்கள் ஏராளம். அங்கே கல்லீரல் கோளாறு உள்ளவர்களை விடாமல் ஸ்கேன் செய்து, சிறு கட்டியாக இருக்கும்போதே பிடித்துவிடுகிறார்கள். எண்பதைத் தொட்டவர்களுக்கும் தகுதி பார்த்து அறுவை சிகிச்சை செய்கிறார்கள்.

என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, 74 வயது. தினமும் விடிகாலையில் நடந்து போய்ப் பால் வாங்கி வருவார். சர்க்கரை வியாதி, கூடவே கொழுப்புக் கல்லீரல். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் மூன்று சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு கட்டி தெரிந்தது. வயிற்றில் நீர் இல்லை, காமாலை இல்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வயதைக் கேட்டதும், “பார்த்துக்கலாம்” என்று பிள்ளைகளைத் தனியாக அழைத்துச் சொன்னார்கள். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவரிடம் “கல்லீரல்ல சின்ன வீக்கம்ப்பா” என்று சொல்லிவிட்டார்கள். எட்டு மாதம் கழித்து வயிறு வீங்கிய பிறகுதான் விஷயம் அவருக்குத் தெரிந்தது. நான் போய்ப் பார்த்தபோது கோபப்படவில்லை. “தம்பி, என் நிலத்தை விற்கணும்னா என் கையெழுத்து வேணும். இதுக்கு வேண்டாமாடா?” என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு மாதத்தில் போய்விட்டார்.

வயதைப் பார்த்து ஏமாறுவது முதியவர் விஷயத்தில் மட்டும் நடப்பதில்லை. இளையவர்களிடம் அதே தவறு தலைகீழாக நடக்கிறது. கூட வேலை பார்த்த நண்பரின் மகன், 41 வயது, குடிப் பழக்கம் கிடையாது. வயிற்று வலி, பசியின்மை என்று போனவனுக்கு மாதக்கணக்கில் அல்சர் மாத்திரை கொடுத்தார்கள். “இந்த வயசில் புற்றுநோயா?” என்று யாருக்கும் தோன்றவில்லை. கண்டுபிடித்தபோது கட்டி ரத்தக்குழாய்க்குள் புகுந்துவிட்டது. பிறகுதான் ஹெபடைட்டிஸ் பி கிருமி அவன் ரத்தத்தில் இருப்பது தெரிந்தது. அவன் அம்மாவுக்கும் இருந்தது.

இந்தக் கிருமி பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகவே உடம்பில் நிரந்தரமாகத் தங்கும். பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றினால் நூற்றில் தொண்ணூறு பேருக்குத் தங்கிவிடும். பிறந்த அன்றே உள்ளே நுழைந்த கிருமிக்கு நாற்பது வயதில் நாற்பது வருட சர்வீஸ் ஆகியிருக்கும். தைவான் 1984இல் பிறக்கும் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தது. அங்கே குழந்தைகளின் கல்லீரல் புற்றுநோய் வெகுவாகக் குறைந்தது. நம் நாடு முழுவதற்கும் அந்த ஊசி 2011இல்தான் விரிந்தது. அதாவது, நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஊசி போடாமல் வளர்ந்தவர்கள்.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையில் வயது கணக்கில் வரத்தான் செய்யும். இதயமும் நுரையீரலும் அதைத் தாங்க வேண்டும். மகன் தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்கிறேன் என்றால், வேண்டாம் என்று சொல்லும் உரிமை அப்பாவுக்கு உண்டு. சிகிச்சையே வேண்டாம், வலி இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று ஒருவர் சொன்னால் அதுவும் மரியாதைக்குரிய முடிவு. ஆனால் அது அவர் வாயிலிருந்து வர வேண்டும், விவரம் முழுவதும் தெரிந்த பிறகு வர வேண்டும். எழுபது வருடம் தன் முடிவுகளைத் தானே எடுத்த மனிதரிடமிருந்து கடைசி முடிவைப் பிடுங்குவதற்குப் பாசம் என்று பெயர் வைக்காதீர்கள்.

இதைப் படிக்கிற நம் வயதுக்காரர்களுக்குச் சில வேலைகள். ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டுக்கும் ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சி கிருமி எதுவென்று கண்டுபிடித்ததே 1989இல்தான். அதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் அவசியம் பாருங்கள். இன்று அதை மூன்று மாத மாத்திரையில் பெரும்பாலும் ஒழித்துவிடலாம். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். கல்லீரல் சுருக்கம், அதாவது சிரோசிஸ், இருக்கிறது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வயிற்று ஸ்கேன் தவறக் கூடாது. கல்லீரலுக்குள் வலி தெரியாது. வலி வரட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். குடிக்காதவர்களுக்கும் வரும். சர்க்கரையும் கொழுப்புக் கல்லீரலும் போதும்.

அப்படியே நோய் தெரியவந்தால் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என் கட்டி எந்த நிலையில் இருக்கிறது? என் கல்லீரல் ஏ-யா, பி-யா, சி-யா? என் வயது 50 என்றால் என்ன சிகிச்சை சொல்லியிருப்பீர்கள்? மூன்றாவது கேள்விக்கு அவர் வேறு பதில் சொன்னால், ஏன் என்று விளக்கச் சொல்லுங்கள். காரணம் இதயமாகவோ சிறுநீரகமாகவோ இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். வெறும் வயது என்றால் இன்னொரு கல்லீரல் டாக்டரிடம் போங்கள்.

பிள்ளைகளிடம் இன்று இரவே ஒன்றைச் சொல்லி வையுங்கள்: “எனக்கு எது வந்தாலும் முதல்ல என்கிட்ட சொல்லணும்.” சாப்பிட உட்காரும்போது சொன்னால் போதும்.