ரெண்டு டிஸ்க் இருந்தா போதுமா?

ஆமத்தூர் பக்கம் பட்டாசு ஆலைகளைப் பார்த்திருப்பீங்க. ஒரே பெரிய கட்டடமா இருக்காது. சின்னச் சின்ன அறைகள், நடுவுல இடைவெளி. ஒண்ணுல தீப்பிடிச்சா அடுத்ததுக்குப் பரவக் கூடாதுன்னு சட்டமே அந்த இடைவெளியைக் கேட்குது.

அதே ஆலையோட ஆபீஸ்ல ஆர்டர், பில், ஜிஎஸ்டி கணக்கு, லேபிள் டிசைன் எல்லாம் ஒரே நாஸ் பெட்டிக்குள்ள இருந்தா? "அதான் ரெய்டு இருக்கே"ன்னு சொல்வீங்க.

ரெய்டு வேண்டாம்னு சொல்லல. ரெய்டு 1-ல ஒரே தகவல் ரெண்டு டிஸ்க்ல இருக்கும். ரெய்டு 5-ல 4 டிபி டிஸ்க் நாலு போட்டா 12 டிபி கிடைக்கும். ரெண்டுலயுமே ஒரு டிஸ்க் போனாலும் வேலை நிக்காது. ஆனா ரெய்டு காப்பாத்துறது டிஸ்க் பழுதுல இருந்து மட்டும்தான். தெரியாம ஒரு ஃபைலை அழிச்சா எல்லா டிஸ்க்லயும் அழியும். ரேன்சம்வேர் வந்தா மொத்தமும் பூட்டிக்கும். தீப்பிடிச்சா பெட்டியே போயிடும்.

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்த சிலர் ரெண்டையும் சேர்த்தே இழந்தார்கள்.

அதனால நாளைக்கு அப்பாவோ மாமாவோ "எந்த நாஸ் வாங்கலாம்?"னு கேட்டா, மாடல் பேரைச் சொல்றதுக்கு முன்னாடி "இன்னொரு காப்பி எங்க இருக்கு?"ன்னு கேளுங்க. சின்ன ஆபீசுக்கு ரெண்டு டிஸ்க் பெட்டியே போதும். மிச்ச காசுல ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கி, வாரா வாரம் காப்பி எடுத்து, கழட்டி வீட்டுல வைக்கச் சொல்லுங்க. மாசம் ஒரு தடவை அதுல ஒரு ஃபைலைத் திறந்தும் பார்க்கணும்.

வெடிமருந்துக்கு இடைவெளி விடத் தெரிஞ்ச ஊரு, கணக்குக்கும் விடலாமே!