இரு சக்கர வண்டிக்கும் மதிப்பெண் வேண்டும்

கோயிலுக்கும் பட்டுக்கும் பெயர் பெற்ற நமது காஞ்சிபுரத்திற்குச் சேலை வாங்க வருகிறவர் எத்தனை கேள்விகள் கேட்கிறார்! பட்டு அசல்தானா, சரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்கிறார். அவருக்கு விடை சொல்ல 2004-இல் மத்திய பட்டு வாரியம் கொண்டுவந்த பட்டு முத்திரை இருக்கிறது. சரிகையைச் சோதிக்கும் கருவியும் இருக்கிறது. அதே மனிதர் மோட்டார் சைக்கிள் கடைக்குச் சென்றால் கேட்பவை இரண்டே கேள்விகள்தாம். மைலேஜ் எவ்வளவு? மாதத் தவணை எவ்வளவு? பாதுகாப்பு எவ்வளவு என்று கேட்பாரும் இல்லை. கேட்டால் சொல்வாரும் இல்லை.

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். அவ்வாண்டு 64,105 விபத்துகளுடன் நம் தமிழ்நாடு முதலிடத்தில் நின்றது. முதலிடம் பெற வேண்டிய துறையா இது?

கார்களின் கதையைப் பாருங்கள். 2014-இல் குளோபல் என்கேப் என்னும் அமைப்பு, இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களை மோதவிட்டுச் சோதித்தது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒன்றுக்கும் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. செய்தி பரவியது, வாங்குவோர் கேட்கத் தொடங்கினர். 2018-இல் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் பெற்றது. 2023 அக்டோபரில் பாரத் என்கேப் என்ற நம் நாட்டுத் திட்டமே நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது கார்களுக்கு மட்டும்! இரும்புக் கூட்டுக்குள் அமர்ந்து செல்பவருக்கு நட்சத்திரம் உண்டு. வெட்டவெளியில் செல்பவருக்கு இல்லை.

'அரசு அனுமதி பெற்ற வண்டிகள்தாமே ஓடுகின்றன?' எனச் சிலர் கேட்கலாம். அனுமதி என்பது தேர்ச்சி பெற்றதற்கு அடையாளம். முப்பத்தைந்து வாங்கியவனும் தேர்ச்சி, தொண்ணூறு வாங்கியவனும் தேர்ச்சி. மதிப்பெண் பட்டியல்தானே வேறுபாட்டைக் காட்டுகிறது? 2019 ஏப்ரலில் 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகள் அனைத்திற்கும் ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. திடீரென்று பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகிச் சறுக்காமல் காப்பது அது. சில வண்டிகளில் அது முன் சக்கரத்திற்கு மட்டும் உண்டு. சிலவற்றில் இரண்டிற்கும் உண்டு. வாங்குகிறவர்களில் எத்தனை பேர் இதை அறிவர்?

'காரைப்போல் மோட்டார் சைக்கிளை மோதவிட்டுப் பயன் என்ன?' என்பது நியாயமான கேள்வி. ஆகவே மோதலைத் தவிர்க்கும் திறனுக்கு மதிப்பெண் தரலாம். வேகம் இரு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்று இயற்பியல் சொல்கிறது. ஈரச் சாலையில் எத்தனை மீட்டரில் வண்டி நிற்கிறது, முகப்பு விளக்கு எவ்வளவு தூரம் காட்டுகிறது, டயரின் பிடிப்பு எப்படி என்பவற்றை அளக்கலாம். பின்னால் அமர்பவரின் உடை சக்கரத்தில் சிக்காதிருக்க, பின் சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் காப்பு வேண்டும் என மோட்டார் வாகன விதி 123 கூறுகிறது. அக்காப்பு எவ்வளவு உறுதியானது என்பதைச் சேலை நெய்யும் ஊராராகிய நாமல்லவா முதலில் கேட்க வேண்டும்? தலைக்கவசத்திற்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜூன் முதல் இங்கே கட்டாயம். பிரிட்டனிலோ 2007-இல் தொடங்கிய 'ஷார்ப்' என்னும் திட்டம் தலைக்கவசங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்கி வருகிறது.

சாலையும் சரியாக வேண்டும், ஓட்டுபவரும் திருந்த வேண்டும், மறுக்கவில்லை. அதற்காக வண்டியின் தரத்தை மறைத்து வைக்க வேண்டுமா? விலை ஏறிவிடும் என்ற அச்சமும் வேண்டாம். ஒரே விலையில் இரண்டு வண்டிகள் நிற்கும்போது எது மேல் என்று சொல்வதுதான் மதிப்பெண்ணின் வேலை.

நம் மாவட்டத்து ஒரகடத்தில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை இருக்கிறது; வாகனங்களைச் சோதிக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையமும் அங்கேயே இருக்கிறது. அரசு மனம் வைத்தால் இப்பணியை அங்கேயே தொடங்கலாம்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலருடைய வீட்டில் கடைக்காரர் தரும் தாளைப் படித்துச் சொல்லக்கூடியவர் நாம் ஒருவர்தாம். தறியில் உழைத்துச் சேர்த்த பணத்தில் வண்டி வாங்கும்போது, மைலேஜைப் படித்துக் காட்டுவதோடு நிறுத்திவிடாமல் பிரேக்கைப் பற்றியும் கேட்போம். கேட்பவர் பெருகினால் மதிப்பெண் தானே வரும்.