ஒழுக்கமா, உடைமையா?

ஆதி அமெரிக்கக் குடியேற்றங்களின் பாலியற் சட்டங்களைச் சமயப் பற்றின் விளைவு என்று கூறி அமைவோர் பலர். அது பாதி உண்மையே. அச்சட்டங்களை ஊன்றி நோக்குவோர்க்குச் சமயத்தின் பின்னே சொத்து நிற்பது புலனாகும்.

மசாசூசெற்ஸில் சோரத்துக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டிருந்தது. 1644இல் மேரி லேதம், ஜேம்ஸ் பிரிற்றன் ஆகிய இருவரும் அத்தண்டனைக்குள்ளாயினர். ஆயின் பெண் மணமானவளாயின் மட்டுமே அது சோரம். மணமான ஆண் மணமாகாப் பெண்ணைக் கூடின் சிறுகுற்றம். ஒழுக்கமே நோக்கமாயின் இவ்வேறுபாடு எதற்கு?

வேர்ஜீனியா இதனினும் வெளிப்படை. ஆங்கிலப் பொதுச்சட்டத்தின்படி பிள்ளை தந்தையின் நிலையையே பெறும். 1662இலோ, பிள்ளை அடிமையா அன்றா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது என விதித்தனர். தந்தைவழியைப் போற்றியோர் இங்கு மட்டும் தாய்வழியை நாடியதேன்? எசமான் தன் குருதியையே தன் உடைமையாக்கிக் கொள்ளவன்றோ!

அதே ஆண்டில் மற்றொரு சட்டம்: எசமானாற் கருவுற்ற பணிப்பெண், தன் ஒப்பந்தக் காலம் முடிந்தபின் மேலும் இரண்டாண்டுக்கு விற்கப்படல் வேண்டும், விலையாகப் பெறும் புகையிலை கோயிற்பற்றுக்குச் சேரும். அவளை விடுவித்தாற் பிறரும் எசமானர்மேற் பழி சுமத்துவர் என்பது சட்டம் கூறிய நியாயம். எசமானுக்கோ அச்சட்டத்தில் தண்டமேயில்லை.

1691இல், கலப்பினப் பிள்ளையை மணமின்றிப் பெற்ற வெள்ளைப் பெண்ணுக்குப் பதினைந்து பவுண் தண்டம். செலுத்தாவிடின் ஐந்தாண்டு ஊழியம். பிள்ளைக்கோ முப்பது வயதுவரை ஊழியம். அடிமைப் பெண்ணைக் கூடிய வெள்ளையனுக்கு அத்தகைய தண்டம் இல்லை. அச்சட்டம் தொடங்கிய கலப்பு மணத்தடை 1967இலேயே உச்ச நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது.

இவை ஒழுக்கத்தின் சட்டங்கள் அல்ல. ஒழுக்கத்தின் பெயரால் எழுதப்பட்ட உடைமைப் பத்திரங்கள். எந்நாட்டிலும் பெண்ணின் கற்பைக் காக்கச் சட்டம் எழுந்தால், அதனால் யாருடைய களஞ்சியம் நிறைகிறது என்று முதலிற் கேட்போமாக.