நடுவயதின் நேரசூசி

விழா மலர் என்றால் அதிற் கல்லூரியின் வளர்ச்சியும், ஆசிரியர்களின் தொண்டும், விளையாட்டு மைதானத்து வெற்றிகளும் இடம்பெறுதல் மரபு. நாமோ ஈண்டு ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதத் துணிந்துள்ளோம். நகைக்க விரும்பும் அன்பர்கள் நகைக்கலாம். ஆயினும் நாற்பதைத் தாண்டிய பழைய மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டின் மூலைகளைச் சற்றே நோக்குவாராக. கம்பி தளர்ந்த வயலினோ, நரம்பறுந்த பூப்பந்து மட்டையோ, முத்திரை ஒட்டிய பழைய கொப்பியோ, ஒரு காலத்தில் உயிர்போல் விளங்கிய ஏதோவொன்று அங்கே தூசி படிந்து கிடக்கும். எமது வீட்டில் அவ்வாறு கிடந்தது எம் தந்தையார் விட்டுச்சென்ற ஹொண்டா சி. 90 வண்டி. "நேரம் இல்லை" என்பதே இவற்றைக் கைவிட்ட நாம் எல்லோரும் கூறும் நியாயம். அந்நியாயம் செல்லுமா என்பதை ஆராய்வதே எம் நோக்கம்.

முதலில் அவ்வண்டியின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். 1958ஆம் ஆண்டில் யப்பானில் வெளிவந்த ஹொண்டா சுப்பர் கப் வண்டியின் வழிவந்தது அது. அக்குலத்து வண்டிகளின் தொகை 2017ஆம் ஆண்டில் 10 கோடியை எட்டியது. கையாற் பிடிக்கும் கிளச் அதற்கு இல்லை, கியர் மூன்றே. எம் தந்தையார் கந்தோருக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் அதிலேயே சென்றுவந்தார். 1990ஆம் ஆண்டின் பின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருதல் தடைப்பட்டபோது, சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்கு ஊட்டி இயந்திரத்தை எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடும் வித்தையை ஊரார் யாவரும் கற்றனர். அவ்வாறு ஓடினால் பிளக்கிற் கரி படியும். அடிக்கடி கழற்றித் துடைத்தல் வேண்டும். நாலடிப்பு இயந்திரத்தைக் கல்லூரியிற் படமாக வரைந்த நாம், அதனைக் கையாற் கற்றது அம்முற்றத்திலேதான். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, நெருக்கத்தில் ஓட வழியின்றி, மூட்டைகளை ஏற்றி அதனைத் தள்ளிக்கொண்டே நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். ஆதலின் அது எமக்கு வெறும் இரும்பன்று.

ஆயினும் உத்தியோகம் வந்தது, திருமணம் வந்தது, வங்கிக் கடன் வந்தது. பிள்ளைகளை ரியூசனுக்கு ஏற்றி இறக்குதலும், பெற்றோரைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுதலும், மரண வீட்டுக்கும் மணவீட்டுக்கும் முகங்காட்டுதலும் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சேர்ந்தன. வண்டி பின்கொட்டிலிற் சாக்கு மூடிப் பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்தது. 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வண்டிகளுக்கும் விலை ஏறியது. நல்ல விலை கூறி ஒருவர் படலைக்கு வந்தார். நாம் தயங்கி நின்றதைக் கண்ட எமது துணைவியார், "ஒண்டில் வில்லுங்கோ, இல்லாட்டித் திருத்தி ஓடுங்கோ. இப்பிடிக் கிடந்து இத்துப்போக விடாதேங்கோ" என்றார். விற்க மனம் வரவில்லை. ஓடுவதற்கோ நேரம் இல்லை என்றோம்.

நேரம் உண்மையாகவே இல்லையா? 2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியை யாவரும் அறிவர். நாட்கணக்கில் வரிசையில் நின்றபின், அவ்வாண்டு நடுப்பகுதியில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் எனப் பங்கீடு வந்தது. அதற்குமுன் நாம் எவ்வளவு பெற்றோலை எதற்குச் செலவிட்டோம் என்று ஒருபோதும் கணக்குப் பார்த்ததில்லை. பங்கீடு வந்தபின்னரோ ஒவ்வொரு பயணத்தையும் எண்ணிச் செய்தோம். நான்கு லீற்றரும் போதுமாயிற்று. வாரத்துக்கு 168 மணிநேரம் என்பதும் ஒரு பங்கீடே. இவ்வெண்ணம் தோன்றியதும் ஒரு வாரம் முழுவதும் அரைமணிக்கு அரைமணி எம் பொழுதை ஒரு கொப்பியிற் குறித்து வந்தோம். முடிவு எமக்கே நாணத்தைத் தந்தது. கைப்பேசியை விரலால் உருட்டியவாறு, எதனையும் கற்காமலும் களைப்பாறாமலும் கழிந்த பொழுது மாத்திரம் நாளொன்றுக்கு ஒன்றரை மணிநேரம்! நேரம் இருந்தது, அதற்கு இடம் குறிக்கப்படவில்லை. அவ்வளவே.

இத்துடன் கட்டுரையை முடித்துவிடலாம் என எண்ணுவோர் உளர். "நேரத்தை ஒதுக்குங்கள்" எனப் போதித்தல் எளிது. ஆனால் குடும்பத்தவன் ஒருவன் ஒதுக்கும் நேரம் அவனுடையது மாத்திரமா? ஞாயிறு காலை முழுவதையும் நாம் வண்டிக்கென எடுத்துக்கொண்டோம். மூன்று மாதம் மகிழ்ச்சியாய்க் கழிந்தது. ஒரு நாள் ஒயில் படிந்த கையுடன் தேநீர் கேட்டபோது துணைவியார் அதனைத் தந்துவிட்டு, "உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கு. எனக்கு எந்தக் கிழமை?" என்றார். அவரும் எம்மைப் போலவே உத்தியோகம் பார்ப்பவர். எமது ஞாயிறு காலையின் சமையலையும் துவைத்தலையும் பிள்ளைகளின் தேவைகளையும் அவர் ஒருவரே சுமந்து வந்துள்ளார் என்பதை நாம் அன்றுதான் கணக்கிற் சேர்த்தோம். மறுமொழி கூற இயலவில்லை.

அன்று முதல் எமது வண்டி வேலை ஞாயிறு காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை மாத்திரமே. சனி பிற்பகல் நான்கு மணி முதல் ஆறு மணி வரை துணைவியாருக்குரியது. அவ்வேளையில் அடுப்பும் பிள்ளைகளும் எம் பொறுப்பு. அவர் பெரும்பாலும் தமக்கையார் வீட்டுக்குச் சென்று பேசியிருந்து வருவார். சில நாள் உறங்குவார். நாம் கேட்பதில்லை. பிறர் ஓய்வைப் பறித்துப் பெறும் பொழுதுபோக்கு கடனாகுமேயன்றி ஓய்வாகாது என்பது எமது துணிபு. நியூசிலாந்தைச் சேர்ந்த பேர்ட் மன்ரோ 1920ஆம் ஆண்டின் இந்தியன் ஸ்கவுட் வண்டியொன்றைத் தம் கையாலேயே பல்லாண்டு திருத்தி, 1967இல் தமது 68ஆம் வயதில் அமெரிக்காவின் பொன்னவில் உப்புவெளியில் மணிக்கு 180 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடினார். வியக்கத்தக்க சாதனையே. ஆனால் அவர் உழைப்புத் தொழிலையே விட்டுத் தம் நாட்களை வண்டிக்குக் கொடுத்தவர். இல்லறத்தில் நிற்கும் எமக்கு அவர் வியத்தற்குரியவர், பின்பற்றற்குரியவர் அல்லர்.

இரண்டு மணிநேரம் எதற்குப் போதும் என வினவலாம். ஓடுதலைக் குறைத்துப் பேணுதலைக் கூட்டினால் தாராளமாய்ப் போதும். ஒரு ஞாயிறு முற்றத்திற் செயினைத் துடைத்து ஒயில் இடுதல். மறு ஞாயிறு வல்லைவெளி வரை ஓடித் திரும்புதல். அமெரிக்க எழுத்தாளர் றொபேட் பேர்சிக் 1968இல் தம் இளமகனைப் பின்னிருத்தி மினசோட்டாவிலிருந்து கலிபோர்னியா வரை ஹொண்டா வண்டியிற் சென்று, அப்பயணத்தை வைத்து 1974இல் வெளியிட்ட நூலின் பெயரிலேயே மோட்டார் சைக்கிள் பராமரிப்பு உண்டு. தன் வண்டியைத் தானே கவனத்துடன் பேணுதல் மனத்தையும் பேணுதலாகும் என்பதை அந்நூல் விரித்துரைக்கின்றது.

முற்றத்தில் இருப்பதால் மற்றுமொரு நன்மை விளைந்தது. எமது மூத்த மகள் முதலில் வேடிக்கை பார்த்தாள். பின்னர் ஸ்பானர் எடுத்துத் தந்தாள். இப்போது பிளக்கின் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றருக்குள் உளதா என்பதை எம்மிலும் திறம்பட அளக்கின்றாள். ஒரு நாள் அவ்வாறு அளந்துகொண்டிருக்கையில், தலை நிமிராமலே, "அப்பா, எனக்கு உயிரியற் பிரிவு சரிவராது" என்றாள். சாப்பாட்டு மேசையில் எம் முகத்தைப் பார்த்து அவள் இதனை ஒருபோதும் கூறியிராள். மருத்துவர் ஆவாள் என நாம் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தோம். உடனே உடன்பட்டோம் எனக் கூறினால் அது பொய். நான்கு ஞாயிறுகள் அதனையே பேசினோம். ஐந்தாம் ஞாயிறு உடன்பட்டோம். அவ்விரண்டு மணிநேரம் இல்லையாயின் அவள் எமக்காக இரண்டு ஆண்டுகளை இழந்திருப்பாள்.

ஆபத்து அன்றோ எனின், உண்மையே. அரேபிய லோறன்ஸ் எனப் புகழ்பெற்றவர் 1935இல் தமது 46ஆம் வயதில் மோட்டார் சைக்கிள் விபத்தில் மாண்டார். அவருக்குச் சிகிச்சையளித்தோருள் ஒருவரான மூளை அறுவை மருத்துவர் ஹியூ கேர்ண்ஸ் பின்னர் தலைக்கவசத்தின் பயனை ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். நடுவயதிற் கண்ணும் கையும் இளமைபோல் விரைந்து இயங்கா. ஆதலின் கவசமின்றியும், இருளிலும், களைத்த உடலோடும் ஏறலாகாது. வேகம் இளைஞர்க்கே உரியது என நாம் கூறோம். எமது வீதிகளில் அது எவர்க்கும் உரியதன்று.

இறுதியாக ஒன்று. எமது கல்லூரியின் நேரசூசியை நினைவுகூர்க. கணிதத்துக்கும் தமிழுக்கும் பாடவேளை வைத்த அதே நேரசூசி சங்கீதத்துக்கும் சித்திரத்துக்கும் விளையாட்டுக்கும் பாடவேளை வைத்தது. அதனைப் படிப்பிலிருந்து திருடிய நேரம் என எந்த ஆசிரியரும் கூறவில்லை. அப்பாடவேளை ஒருவனுக்கு மாத்திரம் உரியதாகவும் இருக்கவில்லை. வகுப்பில் இருந்த யாவர்க்கும் உரியதாயிருந்தது. மணி அடித்ததும் தொடங்கியது. மணி அடித்ததும் முடிந்தது. கல்லூரியை விட்டு நீங்கியபோது பாடங்களை எடுத்துச் சென்ற நாம் அந்நேரசூசியை மறந்து சென்றோம்.

பழைய மாணவர்காள், இவ்விழா ஆண்டிலாயினும் உங்கள் வீட்டில் அதனைத் தீட்டி மாட்டுங்கள். உங்களுக்கென ஒரு பாடவேளை குறியுங்கள். அதற்குமுன் உங்கள் இல்லாளுக்கு ஒன்று குறியுங்கள். மாணவச் செல்வர்காள், தந்தையார் சாக்கை நீக்கித் தூசி தட்டும்போது நகையாது அருகிற் சென்று ஸ்பானரை எடுத்துக் கொடுங்கள். அவர் உங்களுக்குச் சொல்ல வேண்டியனவும், நீங்கள் அவருக்குச் சொல்ல வேண்டியனவும் பல உள.