மழலையின் முதற்கவளம்



அண்மையில் இல்லச் சந்திப்புக்குச் சென்ற ஒரு வீட்டில், மாமியார் மருமகளிடையே எழுந்த வழக்கைத் தீர்க்குமாறு நம்மிடம் கேட்டனர். எட்டு மாதக் குழந்தைக்கு அவித்த முட்டையை மசித்து ஊட்டலாம் என்பது பாட்டியின் கட்சி. "மூத்தவனுக்கு முட்டை தின்றதும் உடம்பெல்லாம் தடித்துப் போனதே, சாமி! இவனுக்கு இரண்டு வயது ஆகட்டும், அதுவரை கஞ்சியே போதும்" என்பது தாயின் கட்சி. நாம் தீர்ப்புக் கூறவில்லை. மருத்துவ நண்பர் ஒருவரை வினவினோம். அவர் விளக்கியவற்றையும், அவர் தந்த நூல்களில் படித்தவற்றையும் இங்கு எழுதுகிறோம்.

தீங்கற்ற உணவைப் பகையென்று பிழையாகக் கருதி உடலின் காவல் ஆற்றல் போர் தொடுப்பதே ஒவ்வாமை. அந்தத் தாயின் எண்ணம் வீண் பயமன்று. ஒரு காலத்தில் மருத்துவர்களே அவ்வாறுதான் கூறினர். ஒவ்வாமை வரக்கூடிய குடும்பத்துக் குழந்தைகளுக்கு முட்டையை இரண்டு வயது வரையும், வேர்க்கடலையையும் மீனையும் மூன்று வயது வரையும் தள்ளி வைக்குமாறு அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2000-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. ஆனால் தள்ளி வைத்ததால் ஒவ்வாமை குறைந்தது என்பதற்குத் தக்க சான்று கிட்டவில்லை. ஆகவே 2008-இல் அக்கழகமே தன் அறிவுரையைக் கைவிட்டது. தவற்றை உணர்ந்தபின் மாற்றிக்கொள்வது அறிவுடையோர்க்கு இழுக்கன்று.

அதே ஆண்டில் இங்கிலாந்து மருத்துவப் பேராசிரியர் கிடியன் லாக் குழுவினர் வியத்தகு செய்தி ஒன்றை வெளியிட்டனர். பிரிட்டனில் வாழும் யூதச் சிறுவரிடையே வேர்க்கடலை ஒவ்வாமை, இஸ்ரயேல் நாட்டு யூதச் சிறுவரிடையே இருப்பதைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு காணப்பட்டது. இனம் ஒன்று; ஊட்டிய முறையோ வேறு. இஸ்ரயேல் குழந்தைகள் 'பாம்பா' என்னும் வேர்க்கடலைத் தின்பண்டத்தை முதலாண்டிலேயே சுவைத்தனர். பிரிட்டன் குழந்தைகளுக்கோ அவ்வயதில் வேர்க்கடலை பெரும்பாலும் கொடுக்கப்படவில்லை.

இது உண்மைதானா என்று சோதிக்க, கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வேர்க்கடலை உணவு முறையாக அளிக்கப்பட்டது. மற்றதற்கு முற்றும் விலக்கப்பட்டது. முடிவு 2015-இல் வந்தது. தொடக்கத் தோல் சோதனையில் வேர்க்கடலை ஒவ்வாமைக் குறி காணாதவர்களுள், விலக்கியவர்களில் நூற்றுக்கு 13.7 பேர் ஐந்து வயதில் அவ்வொவ்வாமைக்கு ஆளாகியிருந்தனர், உண்டவர்களில் 1.9 பேர் மட்டுமே. புண்பட்ட தோல் வழியே புகும் உணவுத் துகளை உடல் பகையாக்கிக்கொள்கிறது. வாய் வழியே வருவதை உறவாக ஏற்கப் பழகுகிறது என்பது ஆய்வாளர் தரும் விளக்கம்.

வேர்க்கடலைக்கு மட்டும் உரிய செய்தியன்று இது. ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில், நாட்டுப்புறக் குழந்தைகள் 856 பேரைப் பின்தொடர்ந்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு, முதலாண்டில் பலவகை உணவு உண்டோரிடம் ஆஸ்துமாவும் உணவு ஒவ்வாமையும் குறைந்திருந்ததைக் காட்டியது.

எனவே பெற்றோர் செய்யத்தக்கது என்ன? ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதன்பின் தாய்ப்பாலை நிறுத்தாமல் தானியம், பருப்பு, காய், கனி, நன்கு வெந்த முட்டை, முள் நீக்கிய மீன் எனப் பல வகைகளையும் ஊட்டுங்கள். புதிய உணவை ஒவ்வொன்றாக, சிறிதளவில், பகற்பொழுதில் தொடங்குங்கள். ஏற்றுக்கொண்ட உணவை இடையில் விட்டுவிடாமல் தொடர்ந்து கொடுங்கள். வேர்க்கடலையை விழுதாக அரைத்துக் கஞ்சியில் கரைத்தே கொடுக்க வேண்டும். முழுக் கடலை ஐந்து வயதுக்கு உட்பட்டோரின் மூச்சுக்குழலை அடைத்துவிடும்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கும், ஏதேனும் ஓர் உணவால் முன்பே துன்புற்ற குழந்தைக்கும் மருத்துவரைக் கேளாமல் இச்சோதனை கூடாது. உண்டபின் உதடு வீங்கினாலோ, மூச்சு இரைத்தாலோ, குழந்தை துவண்டாலோ நொடியும் தாமதியாது மருத்துவமனைக்கு விரையுங்கள்.

மேற்கூறிய வீட்டார் இளையவனை மருத்துவரிடம் காட்டினர். அவர் சோதித்தபின், அவர் கண்முன்னே குழந்தை முட்டையைச் சுவைத்தது, தீங்கொன்றும் நேரவில்லை. மூத்தவனுக்கோ முட்டை இன்னும் விலக்கே. ஒரே வயிற்றுப் பிள்ளைகளாயினும் ஒருவனுக்கு ஆகாதது மற்றவனுக்கும் ஆகாது என்று நாமே முடிவு கட்டலாகாது. பாட்டியின் துணிவும் வேண்டும். தாயின் விழிப்பும் வேண்டும். இவ்விரண்டும் மருத்துவரின் சொற்கேட்டு ஒன்றுபடும் வீட்டில், அச்சம் குழந்தையின் தட்டைச் சுருக்குவதில்லை.