மகளிரும் பொறித்தொழிலும்

பெண்மக்கள் பொறியியல் கற்றல் தகுமோ தகாதோ என்று வாதித்த காலம் கழிந்துவிட்டது. கோயமுத்தூர் நகரத்துப் பொறியியற் கல்லூரி எதன் வாயிலில் நின்று நோக்கினும், நங்கையர் கூட்டங் கூட்டமாய் உட்புகுதலைக் காணலாம். ஆதலின், இனிப் பேசுதற்கு யாது உளது என அன்பர் சிலர் வினவக்கூடும். உளது என்பதே எம் கருத்து. ஒரு துறையிற் புகுவித்தல் வேறு. அத்துறையில் நிலைபெறுவித்தல் வேறு. முன்னதனை ஒருவாறு செய்துமுடித்த நாம், பின்னதனை இன்னும் முழுமனத்தோடு மேற்கொண்டோமில்லை.

பெண்மைக்கும் இயந்திரத்துக்கும் பொருந்தாது என்பாரும் உளர். அன்னார் கொங்கு நாட்டை அறியாதாரே. 1888 ஆம் ஆண்டில் ஸ்டேன்ஸ் துரை இந்நகரில் நூற்பாலை நிறுவினார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பல்கின. அவ்வாலைகளிற் பெண்டிரும் உழைத்தனர். இன்றும் பம்பு மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றும் நுண்பணியைச் செய்வோருள் பெண்டிர் பலர். ஆயினும், இயந்திரத்தைப் பழுதுபார்ப்போனும் மேற்பார்க்கும் மேஸ்திரியும் பெரும்பாலும் ஆடவரே. இயந்திரத்தின் அருகே நிற்க இசைந்த பெண், அதனை ஆள இசையாள் என்பது என்ன நியாயம்?

இதற்கு மூலம் யாதென ஆராயின், பெண்ணின் உழைப்பை மணநாள் வரையில் பொழுது போக்கும் ஓர் ஏற்பாடாக நாம் எண்ணியிருப்பதே என்பது புலனாகும். இம்மண்டலத்து நூற்பாலைகள் சில, ‘சுமங்கலித் திட்டம்’ என்னும் பெயரால், இளம்பெண்களை மூன்றாண்டளவு விடுதியில் வைத்து வேலைவாங்கி, முடிவில் ஒரு தொகை கொடுப்பதாக ஏற்படுத்தின. அத்தொகை எதற்கென்பதை அப்பெயரே பறைசாற்றும். இஃது ஏழைப் பெண்களின் கதையேயன்றோ எனல் வேண்டா. சரவணம்பட்டியிலும் பீளமேட்டு டைடல் பூங்காவிலும் கணிப்பொறித் தொழில் புரியும் பட்டதாரிப் பெண்களைக் குறித்தும், “வரன் அமையுமட்டும் போய்வரட்டும்” என்று கூறும் பெற்றோர் எத்துணையர்! ஊதியம் வேறு, உடை வேறு, எண்ணம் ஒன்றே.

நிற்க. நிலைபெற்றார் சிலர் எங்ஙனம் நிலைபெற்றனர் என்பதை நோக்குவோம். 1919 ஆம் ஆண்டிற் சென்னையிற் பிறந்த லலிதா என்பார், பதினெட்டாம் வயதிற் கைக்குழந்தையோடு கணவனை இழந்தார். மருத்துவம் கற்பின் நள்ளிரவிலும் குழவியைப் பிரிந்து செல்ல நேருமே என்றெண்ணிப் பொறியியலை விரும்பினார் என்பர். தந்தையார் பாப்பு சுப்பாராவ் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் மின்னியல் ஆசிரியர். அவர் முயற்சியாலும் முதல்வர் சாக்கோவின் இசைவாலும் 1940 இல் அக்கல்லூரியிற் சேர்ந்து, இந்தியாவின் முதற்பெண் பொறியியலாளரானார். பட்டப் பத்திரத்தில் அச்சிட்டிருந்த ஆண்பாற் சொல்லை அடித்துப் பெண்பாற் சொல்லை எழுத வேண்டியதாயிற்று. பின்னர்க் கல்கத்தாவில் ஒரு மின்பொறிக் கம்பெனியில் அமர்ந்து, பக்ரா நங்கல் அணைக்குரிய மின்பணியிலும் பங்குகொண்டு, பல்லாண்டு உழைத்தார். அது கைகூடியது எவ்வாறு? அந்நகரில் தமையனார் இல்லம் இருந்தது. அண்ணியார் குழந்தையைப் பேணினார். லலிதாவின் அறிவு பெரிது. ஆயினும் தந்தையும் அண்ணியும் இலராயின், அவ்வறிவு அடுக்களையிலேயே அவிந்திருக்கும். அத்தகைய சுற்றம் வாயாத பெண்கள் எத்தனை பேரோ!

இனி, நம் நகருக்கு உரியார் ஒருவரைக் கூறுவோம். அரியலூரிற் பிறந்த வளர்மதி என்பார் கோயமுத்தூர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்று, 1984 இல் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்திற் சேர்ந்தார். 2012 ஆம் ஆண்டு ஏப்ரல் 26 ஆம் நாள் ஏவப்பெற்ற ரிசாட்-1 என்னும் ரேடார் செயற்கைக்கோளின் திட்ட இயக்குநர் இவரே. சேர்ந்த ஆண்டுக்கும் ஏவிய ஆண்டுக்கும் இடையே 28 ஆண்டுகள். தேர்ச்சி என்பது ஒருநாளில் முளைப்பதன்று. ஐந்தாறு ஆண்டிற் பணியை விட்டு விலகுமாறு ஒரு பெண்ணை நெருக்குவோமாயின், நாம் இழப்பது அவளுடைய சம்பளத்தை மட்டுமன்று. பின்னாளில் அவள் எய்தக்கூடிய இருபதாண்டுத் திறமையையும் ஆம்.

சட்டங்கள் உளவே என்பர். மகப்பேற்று விடுப்பை 26 வாரமாக உயர்த்திய 2017 ஆம் ஆண்டுத் திருத்தம், 50 பேர்க்குக் குறையாது பணிபுரியும் இடந்தோறும் குழந்தைக் காப்பகம் வேண்டுமென்றும் விதித்தது, நன்றே. ஆனால் நம் நகரத்துப் பட்டறைகள் பல, பத்துப் பேரும் இருபது பேரும் வேலைசெய்வன. அவற்றைச் சட்டம் எட்டாது. குறிச்சித் தொழிற்பேட்டை போன்ற இடங்களிற் பத்துப் பட்டறையார் கூடி ஒரு காப்பகம் நடத்தினால் ஆகாதோ? இரவுப் பணியை எடுத்துக்கொள்வோம். பெண்களை இரவில் ஆலைப் பணிக்கு வைத்தலைத் தடுத்த பழைய சட்டப்பிரிவு செல்லாதென 2000 ஆம் ஆண்டிற் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்து, வண்டி வசதி முதலிய காப்புகளையும் வகுத்தது. தடையை நீக்கல் எளிது. வண்டியை வீட்டுவாயில் வரை அனுப்புதலே கடன்.

மூன்றாவது ஒன்றுண்டு. மகவைப் பேணி ஈராண்டு கழித்துத் திரும்பும் பெண்ணை, அவ்விடைவெளியைக் குற்றமாகக் காட்டித் தள்ளுதல் தகாது. புதிய கருவிகளை மும்மாதம் பயிற்றி, விட்ட நிலையிலேயே அமர்த்தலாம். ஆறாண்டு அனுபவமுடையாரை மீளப் பெறுதல், ஒன்றும் அறியாதாரைப் புதிதாகப் பயிற்றுதலினும் செலவு குறைந்ததென்பதை நம் நகரத்து வணிகர்க்கு யாம் உணர்த்த வேண்டுவதில்லை.

பழைய மாணவர்களாகிய பெரியோர்காள்! நும்முள் ஆலையும் பட்டறையும் நடத்துவோர் உளீர். நும் கையாற் செய்யக்கூடியன இவை. உடன்பயிலும் தோழர்காள்! நாளை இல்லறம் ஏற்கும்பொழுது, “மனைவி வேலைக்குச் செல்ல அனுமதித்தேன்” என்று பெருமை பேசாது, அடுப்பிலும் தொட்டிலிலும் சரிபாதி ஏற்பீராக. தோழியர்காள்! பணியை மணத்துக்கு முற்பட்ட இடைக்காலமாகக் கருதாது, வாழ்நாள் முழுவதற்கும் உரிய கலையாகக் கொள்வீராக. பெண்ணொருத்தி தொழிலில் நிலைபெறுதல் நல்ல தந்தையும் நல்ல அண்ணியும் வாய்த்த பேறாக இராது, யாவர்க்கும் பொதுவழக்கு ஆதல் வேண்டும். அதனை ஆக்குதல் நம் எல்லோர்க்கும் உரிய கடமையாகும்.